செட்டிநாட்டு வீட்டுத் தரை: பூக்கல்லைப் பார்த்துக் காலம் சொல்ல முடியுமா?

வளவுவாசல்:
கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு, மராமத்து தொடங்கப்போகிறது. முகப்பில் வெள்ளைச் சலவைக்கல், அதன் சுவரில் இடுப்பளவுக்குப் புடைப்புப் பூ போட்ட பளபளப்பான ஓடு. வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றிய தாழ்வாரத்தில் எட்டு அங்குலப் பூக்கல் (பூ வடிவ வண்ணத் தரைக்கல்), பின்கட்டில் சிவப்புக் காவித் தரை. பூக்கல்லில் நாற்பதுக்கு மேல் உடைந்திருக்கின்றன. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு விட்ரிஃபைட் (ஆலையில் செய்த பளபளப்பான ஓடு) போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். இவற்றில் எது வெளிநாடு, எது உள்ளூர்? தரையை வைத்துக் காலம் கணிக்க வழி உண்டா? உடைந்ததை மட்டும் மாற்ற முடியுமா?

காரைவீடு:
பெயர்க்க வேண்டாம். அந்த வீட்டின் கணக்குப் புத்தகமே தரையில்தான் இருக்கிறது.

முதலில் இனம் பிரியுங்கள். உடைந்த விளிம்பைப் பாருங்கள். மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வண்ணம், கீழே சாம்பல் நிறச் சொரசொரப்பு என்றால் சிமெண்ட் பூக்கல். சூளை காணாதது, செட்டிநாட்டிலேயே உள்ள ஆத்தங்குடி ஊர்ப் பட்டறைக் கல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உடைந்த இடம் கல் போல நெருக்கமாக, களிமண் நிறத்தில் இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை லேசில் உறிஞ்சாவிட்டால் சுட்ட ஓடு. இங்கிலாந்து மின்டன் வகைத் தரை ஓடுகள் அப்படி இருக்கும். சுவரில் இருக்கும் புடைப்புப் பூ மெருகோடு ஜப்பானாக இருக்கலாம். முதல் உலகப்போரில் ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டபோது, ஆங்கில ஓடுகளின் பாணியிலேயே செய்து இந்தியா, சிங்கப்பூர், தைவான் வரை அனுப்பியது ஜப்பான். பெயர்ந்து கிடக்கும் ஓடு ஒன்று இருந்தால் பின்புறத்தைப் பாருங்கள். ஜப்பான் ஓட்டில் நிறுவன முத்திரையும் நாட்டின் பெயரும் பல நேரம் அச்சாகியிருக்கும். ஆங்கில ஓட்டில் வடிவப் பதிவு எண் இருந்தால் அதிர்ஷ்டம். 1884 முதல் அந்த எண்கள் தொடர்வரிசை என்பதால், ஓடு எந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

சிமெண்ட் கல்லுக்கும் ஒரு எல்லை உண்டு. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சி 1904ல் சென்னையில் நடந்தது, நிலைக்கவில்லை. 1914ல் போர்பந்தரில்தான் தொழில் காலூன்றியது. அதற்கு முன் சிமெண்ட் கப்பலில் வந்த சரக்கு. ஆகவே உங்கள் தாழ்வாரம் 1900க்கு முந்தியது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

மேல் எல்லை பர்மா. செட்டியார்கள் அங்கே விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்த பணம் இந்த வீடுகளுக்குள் வந்தது. 1930களின் பெருமந்தத்தில் விவசாயிகள் கடனைத் திருப்ப முடியாமல் போனது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கிட்டத்தட்டக் கால்பங்கு அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் செட்டியார்கள் கைக்கு வந்தது. நிலமாக வந்ததே தவிர ரொக்கமாக வரவில்லை. 1942ல் ஜப்பானியப் படை நுழைந்தது. விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கியது. பெரிய வீடு கட்டும் பணம் அதோடு வற்றிப்போனது. சலவைக்கல், ஜப்பான் ஓடு, பூக்கல் மூன்றும் ஒரே வீட்டில் ஒரே காலத்து வேலையாகத் தெரிந்தால், 1915க்கும் 1940க்கும் இடையில் தேடுங்கள்.

கரணை:
மேலே சொன்னதோடு ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். வீட்டின் வயதும் தரையின் வயதும் ஒன்றல்ல. சுண்ணாம்புக் காரைத் தரையின் மேலேயே பின்னாளில் பூக்கல் பதித்த வீடுகள் உண்டு. நிலைப்படியைப் பாருங்கள். தரை உயர்ந்து படியின் உயரம் குறைந்திருந்தாலோ, தூணின் அடிக்கல் பாதி புதைந்திருந்தாலோ அது இரண்டாவது தரை. ஓரப்பட்டைக் கல் மூலைகளில் முழுதாக வந்து சேர்கிறதா, வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதும் சொல்லும். அறையை அளந்து போட்டதில் வெட்டு குறைவாக இருக்கும்.

பின்கட்டு காவித் தரை என்பதால் பணம் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். முகப்பு வெளியாரை உட்காரவைத்து வரவுசெலவு பேசும் இடம், பின்கட்டு சமையலும் தண்ணீரும் புழங்கும் இடம். செலவு அதற்கேற்பப் போயிருக்கிறது.

கண்ணாடிப்பட்டறை:
மாற்றுக் கல் கிடைக்கும், ஆத்தங்குடியில் இன்னும் கையால்தான் செய்கிறார்கள். உடையாத கல் ஒன்றை எடுத்துப்போனால் அச்சு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் புது அச்சு அடிக்க வேண்டும். நாற்பது கல்லுக்கு அந்தச் செலவு உறைக்கும், ஆனாலும் செய்யத்தக்க செலவு.

எட்டு அங்குலம் என்றே கேளுங்கள். 200 மில்லிமீட்டர் ஆலைக் கல் வாங்கினால் ஒரு கல்லுக்கு 3 மில்லிமீட்டர் குறையும். பத்து கல் வரிசையில் 3 சென்டிமீட்டர் விலகிக் கோலம் உடைந்துவிடும்.

செய்முறை தெரிந்தால் தரம் பார்க்க முடியும். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடி, அதன்மேல் பூ வடிவத் தகட்டு அச்சு. சிமெண்ட், சலித்த நைஸ் மணல், ஆக்ஸைடு நிறம் மூன்றையும் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைச் செங்குத்தாகத் தூக்கவேண்டும். சாய்ந்தால் நிறங்கள் கலக்கும். உடனே உலர்ந்த சிமெண்ட்-மணல் தூளைத் தூவுவார்கள். அதுதான் வண்ணக் கரைசலின் உபரி நீரை இழுக்கும். குறைந்தால் நிறம் ஓடும், அதிகமானால் வண்ணப்படலம் பின்னாளில் செதிலாக உரியும். அதன்மேல் ஈரக்கலவை நிரப்பிக் கரணையால் மட்டம் செய்வார்கள். ஒரு நாள் இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். பிறகு காயும்போது கண்ணாடி தானாக விட்டுவரும். பளபளப்பு அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான், வேறு மெருகு கிடையாது. அவசரப்பட்டுக் கண்ணாடியை இழுத்தால் திட்டுத்திட்டாக மங்கும், தூசி இருந்தால் ஊசிமுனைக் குழிகள் விழும். வாங்கும்போது வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

பதிக்கும்போது கல்லை நனைத்து, 40 மில்லிமீட்டராவது ஈரக்கலவைப் படுக்கையில் கையால் அழுத்துங்கள். கைவேலைக் கல்லின் கனம் ஒன்றுபோல் இருக்காது, படுக்கைதான் சரிக்கட்டும். மேலே சிந்திய சிமெண்ட் பாலை அப்போதே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். காய்ந்தால் போகாது.

வளவுவாசல்:
நன்றி. இன்னொன்று: சில கற்களில் வெள்ளையாகத் தூள் பூக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்கள்.

கரணை:
ஆசிட் கூடவே கூடாது. சிமெண்ட் முகத்தை அரித்துப் பளபளப்பை நிரந்தரமாகக் கொன்றுவிடும். எலுமிச்சை, புளி சிந்தினாலே தடம் விழும். அந்த வெள்ளைத் தூள் உப்பு. கீழிருந்து ஏறும் ஈரம் கொண்டுவருகிறது. உலர்ந்த தூரிகையால் பெருக்கி எடுங்கள், ஈரம் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். முற்றத்து வடிகால் அடைத்திருந்தால் முதலில் அதைத் திறக்கவேண்டும். தரை நன்றாகக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்தால் போதும். புதுக் கல்லுக்குப் பழைய கல்லின் நிறம் உடனே வராது, நடமாட்டத்தில்தான் சேரும்.

காரைவீடு:
உடைந்த கல்லை எடுக்கும் முன் தரை முழுவதையும் நேர்மேலிருந்து படம் எடுத்து, வரிசை எண் போட்டு வரைந்துகொள்ளுங்கள். படுக்கை சுண்ணாம்பு என்றால் உளியைச் சாய்த்து மெல்ல நெம்பினாலே முழுக்கல் வந்துவிடும். சில இடத்தில் மட்டும் சிமெண்ட் படுக்கை இருந்து கல் உடைந்துகொண்டே வந்தால் அது பிற்காலப் பழுதுவேலை. அந்த இடத்தையும் குறித்துவையுங்கள். நல்ல கல்லைக் கதவுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில் என்று மறைவிடத்திலிருந்து எடுத்து நடுவில் வைத்து, புதியதை மறைவில் போடுங்கள். உடைந்த துண்டுகளில் பூ வடிவத்துக்கு ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை அச்சு அடிக்க அதுவே அளவு.