புதுப்பிப்பு: மாம்பழப் பெட்டிக்குத் தேய்ந்த தடித்த எழுத்து

கிருஷ்ணகிரி மாம்பழ மண்டி ஒன்றின் அட்டைப்பெட்டிக்கு, பழைய சுவர் விளம்பரம் போலத் தேய்ந்த தடித்த எழுத்துரு சரிவருமா என்று போன மாதம் இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். பெட்டி அச்சாகி வந்துவிட்டது.

'மல்கோவா' என்ற பெரிய எழுத்து அருமையாக வந்திருக்கிறது. பழுப்பு அட்டை, கருப்பு மை மட்டும். பத்தடி தள்ளி நின்றும் படிக்கலாம். சிக்கல் புள்ளியில்தான். முதல் மாதிரியில் 'ல்' மேலிருந்த புள்ளி, எழுத்துருவின் தேய்மானப் பொட்டுகளோடு கலந்து 'மலகோவா' ஆகிவிட்டது. தமிழில் புள்ளி போனால் சொல்லே போச்சு. எழுத்தை அவுட்லைனாக (கோடுகளைத் தனித்தனியே திருத்தக்கூடிய வடிவமாக) மாற்றி, சுற்றியிருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக அழித்து, புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

அப்புறம் 'மாம்பழம்'. மூன்று 'ம'விலும் ஒரே இடத்தில் ஒரே கீறல்! உண்மையான தேய்மானம் அப்படி இருக்காது. இரண்டில் கீறலைக் கையால் மாற்றினேன்.

எடை, முகவரிக்கு நீங்கள் சொன்னபடி சாதாரண எழுத்துருதான். தேய்ந்த எழுத்துருவில் சிறிய அளவில் 'ண'வின் சுழிகள் மையில் அடைத்துக்கொள்கின்றன.

மண்டிக்காரர் பெட்டியைத் தடவிப் பார்த்து, "எங்கப்பா காலத்து போர்டு மாதிரியே இருக்கு தம்பி" என்றார். அடுத்து செந்தூராவுக்கும் இதே எழுத்துதான்.