மஞ்சள் மோர் குடித்தால் குடல்புண் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

டபுள்விசில்:
கொழிஞ்சாம்பாறை–பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர். வயது 41. மூன்று வருஷமாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி ரத்தம் போகிற நோய். எங்கள் ரூட்டில் எந்தப் பெட்ரோல் பங்கில் கக்கூஸைப் பூட்டாமல் வைத்திருப்பார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மெசலமைன் 1.2 கிராம் மாத்திரை, தினம் இரண்டு. ஆறு மாதமாக ரத்தம் போகவில்லை.

இப்போது வீட்டில்தான் தொல்லை. மாமியார் தினமும் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளை மோரில் கலக்கி நீட்டுகிறார். சந்தையில் ஒரு வைத்தியர் 900 ரூபாய்க்குக் குடல்புண் சூரணம் ஒரு டப்பா கொடுத்தார். உள்ளே என்ன என்றேன். "பதினோரு மூலிகை." பெயர் கேட்டால் சிரிக்கிறார். மூன்று மாதத்தில் இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாமாம். மஞ்சளை வைத்து ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று மச்சினன் வேறு போனைக் காட்டுகிறான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கம்பத்துக்காரன்:
தம்பி, நான் போட்டுப் பார்த்தவன். கஷாயத்தை நம்பி மாத்திரையை விட்டேன். நாற்பது நாள் ஒன்றுமில்லை, ஊரெல்லாம் பெருமை பேசினேன். அப்புறம் குமுளிக்கு ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில் ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, எல்லாம் ரத்தம். ஸ்டீராய்டு போட்டு முகம் பூசணிக்காய் மாதிரி ஆகி, கடையில் வாடிக்கைக்காரருக்கே அடையாளம் தெரியவில்லை. கஷாயம் கெடுத்தது என்று சொல்லமாட்டேன். மாத்திரையை விட்டதுதான் கெடுத்தது.

பார்மசி அக்கா, பாலக்காடு:
மச்சினன் காட்டியது பொய் இல்லை. ஆனால் முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். 2015-இல் வந்த ஆய்வில் 50 பேர். எல்லோரும் மெசலமைன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அதோடு ஒரு பாதிப் பேருக்கு தினம் 3 கிராம் குர்குமின் (மஞ்சளில் இருக்கும் சத்து), மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு மாதத்தில் குர்குமின் எடுத்த 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது, மற்ற 24 பேரில் ஒருவருக்கும் இல்லை. நல்ல பலன்தான். ஆனால் மெசலமைனை நிறுத்திவிட்டு அல்ல, அதன் மேலே சேர்த்து.

அளவையும் பாருங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான், ஏறக்குறைய. 3 கிராம் வேண்டுமென்றால் தினம் நூறு கிராம் தூள்! டெல்லி எய்ம்ஸில் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் மாத்திரையைவிட ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. மோரில் ஒரு ஸ்பூன் அதற்கும் குறைவு. குடியுங்கள், ருசிக்கு. மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

நிலவேம்பிலும் முயன்றார்கள். 2013-இல் வந்த ஆய்வில் 224 பேர், எட்டு வாரம். அதிக அளவு எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. வெறும் மாத்திரைக்கே 40 சதவீதம்! சந்தை வைத்தியரிடம் குணமானவர்கள் கதை இருப்பது இதனால்தான்.

வேலந்தாவளம்வாசி:
அவுரி கேள்விப்பட்டதில்லையா? ஜப்பானில் அதிலேயே குணப்படுத்துகிறார்களாமே. தலைக்குப் போடுகிற பொடிதான், கிலோ கணக்கில் கிடைக்கிறது.

பார்மசி அக்கா, பாலக்காடு:
அய்யோ வேண்டாம். அவர்கள் கொடுத்தது அந்த மாதிரி இலையிலிருந்து எடுக்கிற நீலச்சாயத்தூள். குடலுக்குக் கேட்டது உண்மை. ஆனால் ஆய்வுக்கு வெளியே அதைத் தானாக வாங்கிச் சாப்பிட்ட ஒருவருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியது தெரிந்து, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். தலைக்குப் போடுகிறதைத் தலைக்கே போடுங்கள்.

டபுள்விசில், அந்தப் பதினோரு மூலிகையில் அதுவும் இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

டபுள்விசில்:
தெரியாது அக்கா. டப்பாவை மூடிவைத்துவிட்டேன், அடுத்த தடவை டாக்டரிடம் கொண்டுபோகிறேன். 900 ரூபாய் போனது போனதுதான். மாமியாரிடம் நூறு கிராம் கணக்கைச் சொன்னேன். "அப்படின்னா குழம்புக்கு என்ன பண்றது?" என்று மஞ்சள் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். மோர் மட்டும் வருகிறது, வெள்ளையாக.