அம்மாவையும் ஆறு வயது மகனையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூரின் லாசரஸ் தீவுக்கு ஒரு நாள் செல்ல முடியுமா?

புங்கோல்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா (வயது 71), ஆறு வயது மகன், மனைவி, நான் என நால்வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு நாளைத் தீவுக் கடற்கரையில் கழிக்க எண்ணியிருக்கிறோம். செந்தோசாவுக்கு இரு முறை சென்றுவிட்டோம்; மகனோ கூட்டமில்லாத இடத்தில் மணல்வீடு கட்ட வேண்டும் என்கிறான். அம்மாவால் சமதரையில் மெதுவாக நடக்க முடியும், படியேறுவதுதான் சிரமம். லாசரஸ் தீவில் நடக்க வேண்டிய தொலைவு எவ்வளவு, சாப்பாட்டுக்கு என்ன வழி, சிறுவனைத் தண்ணீரில் இறக்கலாமா, அதே நாளில் குசு தீவையும் பார்த்துவிட முடியுமா என்பதைச் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

தெலோக் பிளாங்கா அப்பா

நாங்கள் குழந்தைகளுடன் நான்கைந்து முறை சென்றிருக்கிறோம். கடற்கரை எப்படி என்று யோசிப்பதற்கு முன் படகு நேரத்தைப் பாருங்கள், ஏனெனில் அந்த நாளின் நீளத்தை முடிவு செய்வது அதுதான். மெரினா சவுத் படகுத்துறைக்கு எதிரிலேயே எம்ஆர்டி ரயில் நிலையம் 2014-இல் திறக்கப்பட்டதிலிருந்து அங்கே போய்ச் சேர்வது எளிதாகிவிட்டது. படகு ஏறத்தாழ அரை மணி நேரத்தில் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிடும். வார நாள் அட்டவணையும் வார இறுதி அட்டவணையும் வேறு வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் படகு விடுவதால், ஒன்றில் வாங்கிய சீட்டு மற்றொன்றில் செல்லாது. நான் முதல் முறை திரும்பும்போது தவறான வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தைய படகைக் குறிவைத்துக் கிளம்புங்கள்.

துறையிலிருந்து இரு தீவுகளையும் இணைக்கும் தரைப்பாலம் வழியாக லாசரஸ் கடற்கரைக்கு நடக்க எங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும், உங்கள் அம்மாவுக்கு அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதை நல்ல பாதைதான், ஆனால் தரைப்பாலத்தில் நிழலே கிடையாது என்பதால் பத்து மணிக்கு முன்பே அதைக் கடந்துவிடுவது நல்லது. சாப்பாட்டையும் ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீரையும் வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். அங்கே ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஒரு முறை சென்று, நால்வருக்கு ஒரு பிஸ்கட் பொட்டலத்துடன் நாளை ஓட்டியவர்கள் நாங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, அது பிறை வடிவ விரிகுடா என்பதால் அலை பெரிதாக இருக்காது. ஆனால் செந்தோசாவில் இருப்பதைப் போல உயிர்காப்பாளர் இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். மகன் முழங்காலளவு நீரில் நின்றாலும் பெரியவர் ஒருவர் கை நீட்டினால் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். கடல் வற்றும் நேரம், ஏறும் நேரம் இரண்டையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். வற்றியிருக்கும்போது பாறைப் பக்கம் வெறுங்காலுடன் விடாதீர்கள், கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும் நச்சு முள் மீன் நம் கடல்களில் உண்டு. இடி கேட்டால் உடனே கரையேறிவிடுங்கள்.

மணல் ஈ பற்றி யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். கடிக்கும்போது தெரியாது, மறுநாள்தான் தெரியும்.

ஆமைக்கோயில்

மேலே எழுதியவர் சொன்ன அனைத்தும் சரி, ஆனால் அம்மாவை மனத்தில் வைத்துப் பார்த்தால் நான் குசுவைத்தான் முதலில் சொல்வேன். துறையிலிருந்து சில நிமிட நடையில் கடற்கரை, 1923-இல் கட்டப்பட்ட துவா பெக் கோங் என்ற சீனத் தெய்வத்தின் கோயில், ஆமைகள் எல்லாம் சமதரையிலேயே இருக்கின்றன. குன்றின் மேல் மலாய்ப் புனிதர்களின் வழிபாட்டிடங்களான கெராமாட்டுகளுக்கு 152 படிகள் ஏற வேண்டும், அதை விட்டுவிடலாம். சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் யாத்திரைக் கூட்டம் நெரியும். ஜூனில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு தீவையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது, சிறுவனை மணல்வீட்டின் பாதியில் இழுத்துக்கொண்டு படகுக்கு ஓடுவதில்தான் முடியும்.

பழைய துறைமுகம்

எந்தத் தீவைத் தேர்ந்தாலும், செயின்ட் ஜான்ஸில் இறங்கினால் அம்மாவிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். 1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியதை அடுத்து, 1874-இல் அங்கே தொற்றுத்தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம்மவர்கள் பலர் சிங்கப்பூர் மண்ணில் முதலில் கால் வைத்தது இந்தத் தீவில்தான். நோயில்லை என்று உறுதியான பிறகே நகருக்குள் விட்டார்கள். பின்னர் 1950-களில், பிற்காலத்தில் சிங்கப்பூரின் குடியரசுத் தலைவரான தேவன் நாயர் உள்ளிட்ட அரசியல் கைதிகளையும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். விடுமுறைத் தீவாக மாறியது 1975-க்குப் பிறகுதான்.

புங்கோல்வாசி

சென்ற சனிக்கிழமை சென்று வந்தோம், அனைவருக்கும் நன்றி. மகனின் விருப்பப்படி லாசரஸ் மட்டும் போனோம், குசுவை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறோம். முதல் படகில் சென்றதால் ஒன்பதே முக்காலுக்குத் தென்னை நிழலில் பாய் விரித்துவிட்டோம். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டு போயிருந்தோம். மகன் மணல் கையோடு டப்பாவைத் திறந்ததில் பாதிச் சாதம் நறநறத்தது.

தொற்றுத்தடுப்பு நிலையம் பற்றித் திரும்பும்போது துறையில் சொன்னேன். தன் அப்பா ரஜூலா கப்பலில் வந்தவர் என்றும், "கப்பல விட்டு எறக்கி ஒரு தீவுல வச்சிருந்தாங்க, பவுடர தண்ணியில கரச்சி மேலெல்லாம் ஊத்துனாங்க" என்று அவர் சொன்னதைச் சிறு வயதில் கதையென்று நினைத்துக் கேட்டதாகவும் அம்மா சொன்னார். எனக்கு இது புதுச் செய்தி. படகு வரும்வரை அவர் துறையின் நிழலில் உட்காராமல், கப்பல்கள் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டபடி கைப்பிடிக் கம்பியருகே நின்றிருந்தார்.

மணல் ஈ எச்சரிக்கையை நான் பொருட்படுத்தவில்லை. அரைக்கால்சட்டை அணிந்திருந்த மகனுக்கும் எனக்கும் நேற்று வரை சொறிச்சல். பாதம் வரை புடவை கட்டியிருந்த அம்மாவுக்கு ஒரு கடி கூட இல்லை.