பக்கத்து வீட்டு நாய் கோழிகளைக் கொல்கிறது, வலை கட்டியும் நிற்கவில்லை

கேள்வி: கரிசல்காட்டுக்காரி

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் இடத்தில் சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறேன். பெரிய வியாபாரம் எல்லாம் இல்லை. முட்டை பிள்ளைகளுக்கு, சேவல் கோயில் கொடைக்கு, மிஞ்சினால் விற்பது. காலையில் கூட்டைத் திறந்தால் குப்பைமேட்டைக் கிளறிக் கரையானும் பூச்சியும் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும், பொழுது சாய்ந்தால் தானாக அடைந்துவிடும். கீரிக்கும் பருந்துக்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். இந்த நாய்க்குத்தான் தெரியவில்லை.

கன்னி இன வேட்டைநாய், ஒன்றரை வயது இருக்கும். உடையவர் எனக்கு மாமா முறை. மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்ததும் நாயை அவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவார். நான் கூட்டைத் திறப்பதும் அதே நேரம்தான். போன வாரம் நான்கு வெடைகளையும் (இளம் பெட்டைக் கோழிகள்), அப்போதுதான் குஞ்சு இறக்கிய தாய்க்கோழியையும் கொன்றுவிட்டது. தின்றிருந்தால்கூடப் பசி என்று விட்டிருப்பேன். கழுத்தைப் பிடித்து ஓர் உதறு உதறிப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்துகிறது. தாயில்லாத குஞ்சுகள் இப்போது அடுப்படியில் பஞ்சாரக் கூடைக்குள், குண்டு பல்பு வெளிச்சத்தில் இருக்கின்றன.

தூத்துக்குடியிலிருந்து பழைய மீன் வலை வாங்கி வந்து சுற்றிக் கட்டினேன். அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு நுழைந்துவிட்டது. நம் கரிசல் மண்தான் தெரியுமே, வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும், மழைக்கு உப்பும். எந்த வேலிக்கால் நட்டாலும் ஒரு வருஷத்தில் சாய்ந்துவிடும்.

மாமாவிடம் சொன்னால், “நாய்னா கோழியைப் பிடிக்கத்தான் செய்யும், நீ அடைச்சு வளரு” என்கிறார். வீட்டில் கல்யாணம் வருகிறது, பகை வேண்டாம் என்கிறார் மாமியார். கொழுந்தன் விஷம் வைக்கலாம் என்கிறான். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அந்த நாய் என்னைப் பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது, அதை என்ன செய்ய?

இந்த மண்ணில் நிற்கிற மாதிரி, ரொம்பச் செலவில்லாத வேலி சொல்லுங்கள். நாயைப் பழக்கி மாற்ற முடியுமா? முதுகில் தோல் கிழிந்த கோழி ஒன்றும் இருக்கிறது, அதற்கும் வைத்தியம் சொல்லுங்கள்.

பதில்: பஞ்சாரம்

தங்கச்சி, முதலில் அடிபட்ட கோழி. அதைத் தனியாக வையுங்கள். ரத்தம் தெரிந்தால் மற்றக் கோழிகளே கொத்திப் பெரிதாக்கிவிடும். காயத்தை உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். ஈ உட்காரவிட்டால் புழு வைத்துவிடும். நாய்ப்பல் மேலே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகப் போயிருக்கும், அதனால் தூக்கிக்கொண்டு போய்க் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடுவது நல்லது. உங்கள் கையில் வெட்டு ஏதும் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள்.

இனி வேலி. மீன் வலை பருந்துக்குத்தான் ஆகும், அதை மேலே கூரையாகப் போடுங்கள். கன்னி ஐந்தடியைத் தாண்டிவிடும், அதனால் மேலேயும் மூடத்தான் வேண்டும். கீழே மூன்றடிக்கு வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை. அறுகோணக் கண் வைத்த கோழி வலையைக் கடையில் காட்டுவார்கள், விலையும் குறைவு. ஆனால் கம்பி மெலிசு, மூர்க்கமான நாய் பல்லால் பிரித்துவிடும். அதை மேல்பாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடியில் பறிப்பதற்குக் குழி தோண்டி வலையைப் புதைக்கச் சொல்வார்கள். கரிசலில் அந்த வேலை வேண்டாம். மெஷ்ஷை வெளிப்பக்கமாக மடக்கி, ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையிலேயே படுக்கப் போட்டு, மேலே கல்லை அடுக்குங்கள். நாய் எப்போதும் வேலியின் காலடியில்தான் பறிக்கும். அங்கே நகத்தில் கம்பி தட்டினால் விட்டுவிடும், இரண்டடி பின்னால் போய்ப் பறிக்கலாம் என்று அதற்குத் தோன்றாது.

கால் சாயும் பிரச்சினைக்கு ஆறு சென்ட்டையும் வளைக்காதீர்கள். வீட்டுச் சுவரை ஒரு பக்கமாக வைத்து ஒரு சென்ட்டுக்கு மட்டும் போடுங்கள், மூலைக் கால்களுக்குச் சாய்வாக முட்டுக் கொடுங்கள். காலையில் கோழிகள் அதற்குள் இருக்கட்டும், மாமா எழுந்து நாயைக் கட்டியபிறகு வெளியே விடலாம்.

பதில்: வேட்டைநாய்ப் பிரியன்

நான் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறவன், நாயின் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கன்னியும் சிப்பிப்பாறையும் மோப்பத்தைவிடக் கண்ணால் துரத்தும் நாய்கள். முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. எதிரே ஒன்று சிறகடித்து ஓடினால் அதற்குக் கால் நிற்காது. அது கொல்வது வெறியில் அல்ல, பசியிலும் அல்ல. ஒன்று விழுந்ததும் அடுத்தது ஓடுகிறது, அதன் பின்னால் போகிறது, அவ்வளவுதான்.

அதனால் வேலியில் பார்வையை மறையுங்கள். உங்கள் பக்கம் பருத்திமாருக்கா (காய்ந்த பருத்திச் செடிக் குச்சி) பஞ்சம்? மெஷ்ஷின் உட்பக்கம் மூன்றடி உயரத்துக்குப் பருத்திமாரை நெருக்கமாகக் கட்டிவிடுங்கள். கோழி ஓடுவது தெரியாவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

பழக்குவதைப் பற்றி: குட்டியிலிருந்தே கோழிகளோடு வளர்ந்த நாய் சும்மா இருக்கும், என் வீட்டில் இருக்கிறது. கொன்று ருசி கண்ட நாயை உடையவர் பக்கத்தில் இருக்கும்போது அடக்கலாம், தனியாக இருக்கும்போது நம்ப முடியாது. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் மறந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நாய்க்கு அது வதை, கோழிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

இந்த இனத்துக்கு நாள் முழுக்கக் கட்டிக்கிடப்பதும் ஆகாது. ஷிப்ட் முடிந்து வந்ததும் மாமா அதைக் காட்டுப்பக்கம் அரைமணி நேரம் கயிற்றோடு ஓட்டிவிட்டு வந்து கட்டினால் மத்தியானம் வரை தூங்கும். ஊரில் பழைய வழக்கமும் அதுதானே, பகலில் கட்டு, கோழி அடைந்தபிறகு அவிழ்த்துவிடு. இதை நீங்கள் சொல்வதைவிட அவர் மதிக்கிற பெரியவர் ஒருவர் சொன்னால் எடுபடும்.

பதில்: வக்கீல் குமாஸ்தா

விஷப் பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலங்கை வேண்டுமென்றே கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அந்தக் கறித்துண்டை ஊர் நாயும் காக்கையும் தின்னும், சின்னப் பிள்ளை எடுத்தால் யார் பதில் சொல்வது? கொழுந்தனிடம் இப்படியே சொல்லுங்கள்.

நாயை அஜாக்கிரதையாக விடுவதற்கு அதே சட்டத்தில் 291ஆம் பிரிவு இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம். ஆனால் அது மனிதர்களுக்கு வரும் ஆபத்தைப் பற்றியது. கோழி செத்ததற்கு அதைக் கொண்டுபோனால் ஸ்டேஷனில் ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் அனுப்புவார்கள். நஷ்டத்தைக் கேட்க சிவில் வழக்குத்தான், ஐந்து கோழிக்கு யார் போடுவார்கள்? செத்த கோழிகளின் போட்டோ, தேதி, விலை குறித்து வைத்துக்கொண்டு, சொந்தத்தில் நாலு பேர் முன்னால் கேளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கோழிகள் அவர் முற்றத்தில் காயப்போட்ட உளுந்தைக் கிளறியதே இல்லையா? அந்தக் கணக்கும் அங்கே வரும்.

இன்னொன்று. வேலியில் வீட்டுக் கரண்டை இழுத்துவிடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளி பக்கம் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கரிசல்காட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. உளுந்து இல்லை, கம்பு. அத்தை ஒரு தடவை சத்தம் போட்டதும் உண்மைதான். அதனால் எங்கள் பக்கத்து வேலியை நான் போட்டுக்கொள்கிறேன், காலையில் நாயைக் கட்டுவது அவர் பொறுப்பு என்று பேசப் போகிறேன். மாமாவின் பெரியண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அவர் சொன்னால் மாமா தட்டமாட்டார். செத்த கோழிகளுக்குப் பணம் வேண்டாம், மெஷ்ஷில் பாதி விலை கொடுத்தால் போதும் என்று கேட்கலாமென்று இருக்கிறேன். மாமியாருக்கும் இது சம்மதம்.

காயம்பட்ட கோழியை மருந்தகத்தில் காட்டியாயிற்று. உள்ளே ஆழம்தான். ஊசி போட்டு, தடவ மருந்தும் கொடுத்தார்கள். இரை எடுக்கிறது.

பஞ்சாரம் அண்ணாச்சி, வெல்டு மெஷ்ஷில் ஒரு இஞ்ச் கண் வாங்கவா, இரண்டு இஞ்ச் வாங்கவா? குஞ்சுகளையும் அதற்குள்தான் விட வேண்டும்.

பஞ்சாரம்:

ஒரு இஞ்ச். இரண்டில் குஞ்சு வெளியே வந்துவிடும். அரை இஞ்ச் கிடைத்தால் அடியில் ஓரடிக்கு மட்டும் அதைக் கட்டுங்கள், கீரியும் நுழையாது.