ஷூமன் ஒத்ததிர்வு: வரைபடம் வெளுத்தால் பூமியின் துடிப்பு ஏறிவிட்டதா?

தியானநேசன்: ரஷ்யாவின் டோம்ஸ்க் பல்கலைக்கழகம் வெளியிடும் ஷூமன் வரைபடத்தை நேற்றுப் பார்த்தீர்களா? பல மணி நேரம் ஒரே வெள்ளை. 7.83 ஹெர்ட்ஸில் இருந்த பூமித் துடிப்பு 40க்கு ஏறிவிட்டது என்கிறார்கள். எனக்குத் தெரிந்தே நிறையப் பேருக்குத் தூக்கம் இல்லை. தற்செயலா?

வானொலிப்பித்தன்: ஷூமன் ஒத்ததிர்வு என்பது தரைக்கும், மேல்வானில் மின்சாரம் கடத்தும் அடுக்கான அயனி மண்டலத்துக்கும் இடையே பூமியைச் சுற்றிவரும் மின்காந்த அலை. அந்தப் படத்தின் செங்குத்து அச்சே 0 முதல் 40 ஹெர்ட்ஸ் வரைதான். நிறம் காட்டுவது அலையின் வலிமையை. மேலிருந்து கீழ் வரை வெளுத்தால் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே நேரத்தில் இரைச்சல் என்று பொருள். கருவிக்குப் பக்கத்தில் இடி மின்னலோ, ஏதாவது மின்கோளாறோ இருந்திருக்கும். 7.8ஐத் தீர்மானிப்பது பூமியின் அளவு. சுற்றளவு 40,000 கி.மீ.; ஒளி அதை விநாடிக்கு ஏழரை முறை சுற்றும். 40 ஆக வேண்டுமானால் பூமி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும்!

கணக்குவாத்தியார்: முடிவு சரி, கணக்கு அரைகுறை. உருண்டைக்கான சூத்திரத்தில் ஏழரையை √2 ஆல் பெருக்க வேண்டும், 10.6 வரும். மேலே இருக்கும் அயனி மண்டலம் நல்ல மின்கடத்தி இல்லை. அலை அதற்குள் கொஞ்சம் கசிந்து வேகம் குறைவதால்தான் 8க்குக் கீழே இறங்குகிறது. 1952இல் மியூனிக்கில் இயற்பியலாளர் ஷூமன் கணித்ததை, 1960இல் அமெரிக்காவில் பால்சர், வாக்னர் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அளவீட்டில் அலை வலுவாகத் தெரியும் அந்த உச்சமே ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் அகலம்; நேரத்தைப் பொறுத்து ஆடவும் செய்யும். இந்த அலையை வீட்டில் உண்டாக்கும் என்று, 7.83 என இரண்டு தசமம் போட்டுப் பெட்டி விற்பவர்களைக் கண்டால் சிரிப்புதான் வருகிறது.

தியானநேசன்: சிரியுங்கள் சார். மூளையின் ஆல்ஃபா அலை 8 முதல் 13 ஹெர்ட்ஸ், பக்கத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஆண்டெக்ஸ் நிலவறையில் உறக்கச் சுழற்சியை ஆராய்ந்த வேவர் செய்த சோதனை? ஆட்களைத் தனியே அடைத்து 10 ஹெர்ட்ஸ் மின்புலம் கொடுத்தபோது அவர்களின் உறக்கச் சுழற்சி மாறியதே!

வானொலிப்பித்தன்: நல்ல கேள்வி. ஆனால் வேவர் கொடுத்தது மீட்டருக்கு 2.5 வோல்ட். ஷூமன் அலையின் மின்புலம் ஒரு மில்லிவோல்ட்டைத் தொட்டாலே அதிகம். காந்தப்புலம் ஒரு பிக்கோடெஸ்லா, அதாவது டெஸ்லா என்ற அலகில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு. வீட்டு 50 ஹெர்ட்ஸ் வயரிங் அதைப் பல்லாயிரம் மடங்கு மிஞ்சும். தூக்கத்தைக் கெடுப்பது புலம்தான் என்றால் முதலில் ஃபேன் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள்.

தியானநேசன்: சிறியது என்பதாலேயே விளைவில்லை என்று ஆகிவிடாது.

மழைக்காதலி: மின்னலை விட்டுவிட்டீர்களே! உலகம் முழுக்க விநாடிக்கு 45 மின்னல் போல வெட்டுகிறது, அதுதான் இந்த அலைக்குத் தீனி. தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று ஒவ்வொரு இடத்திலும் பிற்பகல் ஆகும்போது வலிமை ஏறி இறங்கும். சூடு ஏறினால் மின்னலும் கூடும் என்பதால், வெப்பமண்டலத்துக்கு இதையே தெர்மாமீட்டராக வைக்கலாம் என்று 1992இல் அமெரிக்க ஆய்வாளர் ஏர்ல் வில்லியம்ஸ் எழுதினார்.

கணக்குவாத்தியார்: ஒரே நிலையத்தை வைத்து அதைச் சொல்ல முடியாதும்மா. மின்னல் எவ்வளவு தூரத்தில் வெட்டுகிறது என்பதும் அளவை மாற்றும்.

தியானநேசன்: சரி, நேற்றைய வெள்ளைக்கு உங்கள் பதில் வெறும் ஊகம்தானே?

வானொலிப்பித்தன்: சோதிப்பது சுலபம். இத்தாலியின் கூமியானா நிலையமும் படம் வெளியிடுகிறது. பூமியே மாறியிருந்தால் அதே நேரத்தில் அங்கும் வெளுத்திருக்க வேண்டும்.

தியானநேசன்: வெளுத்திருந்தால்?

வானொலிப்பித்தன்: இரண்டு படத்தையும் இங்கே போடுங்கள், பேசுவோம். உலக நேரத்துக்கு மாற்றிப் போடுங்கள். டோம்ஸ்க் படம் உள்ளூர் நேரத்தில் இருக்கும்.