பிசிஏ சேரப்போற பையனுக்கு முதல் புரோகிராமிங் புக்: சி-யா பைதானா?

வைகைக்கரை:
அக்கா பையன் +2 ப்யூர் சயின்ஸ் முடிச்சிட்டான், தமிழ் மீடியம். பிசிஏ சேரப்போறான், கம்ப்யூட்டர்ல இதுவரைக்கும் யூடியூப் பாத்ததோட சரி. காலேஜ் திறக்குறதுக்குள்ள ஒரே ஒரு புக் வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன், 500 ரூபாய்க்குள்ள. எது வாங்கலாம்?

செமிகோலன்:
யோசிக்கவே வேணாம் ப்ரோ, கெர்னிஹானும் ரிட்சியும் எழுதுன சி புக்தான். ரெண்டாவது பதிப்பு 1988ல வந்தது, முன்னூறு பக்கம்கூட இல்ல, சி-யை உருவாக்குன ரிட்சியே எழுதுனது, இதுக்கு மேல என்ன வேணும். பைதான்ல ஆரம்பிச்ச பசங்கள இன்டர்வியூல பாத்திருக்கேன், பாயிண்டர்னா (மெமரில ஒரு இடத்தோட அட்ரஸ வச்சிருக்கிற வேரியபிள்) முழிக்கிறாங்க, மெமரின்னா ஃபோன் மெமரியான்னு கேக்காத குறை.

இட்லிக்கடை டெவ்:
@செமிகோலன் அந்த புக்க நீங்க முன்னுரையிலேர்ந்து படிச்சீங்களா தல? 1978 பதிப்பு முன்னுரையிலயே இது புரோகிராமிங் அறிமுகப் புக் இல்ல, வேரியபிள், லூப், ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு தெரிஞ்சிருக்கணும்னு அவங்களே எழுதிட்டாங்க. முதல் அத்தியாயத்துல ஃபாரன்ஹீட்ட செல்சியஸா மாத்துற இடத்துல 5-ஐ 9-ஆல வகுத்தா ஏன் சைபர் வருதுன்னு (சி-ல முழு எண்ண முழு எண்ணால வகுத்தா தசமம் போய்டும்) ரெண்டு மூணு வரில சொல்லிட்டுப் போய்டுவாங்க. லூப்னா என்னன்னே தெரியாத பையன் அங்கயே மூடி வச்சிடுவான். நல்ல புக்தான், ரெண்டாவது புக்கா.

என் ஓட்டு ஆல் ஸ்வைகார்ட்டோட பைதான் புக்குக்கு, நூத்துக்கணக்கான ஃபைலுக்கு ஒரேடியா பேர் மாத்துறது, எக்செல் ஷீட்ட படிக்கிறதுன்னு உருப்படியான வேலையா இருக்கும், ஆன்லைன்ல ஃப்ரீயாவே படிக்கலாம்.

வைகைக்கரை:
ஆனா அது இங்கிலீஷ்தானே டெவ்? பையன் அதுக்கே பயப்படுறான்.

லேப் அண்ணாச்சி:
ரெண்டு பேரும் காலேஜ மறந்துட்டுப் பேசுறீங்க. முதல் செமஸ்டர்ல சி வைக்கிற இடம்தான் நிறைய. நான் லேப் பாக்குற இடத்துல இன்னும் டாஸ்பாக்ஸ்குள்ள (பழைய டாஸ் புரோகிராம ஓட்டுற சாஃப்ட்வேர்) டர்போ சி-ங்கிற அந்தக் கால கம்பைலர் (நாம எழுதுறத மெஷின் மொழிக்கு மாத்துறது) ஓடுது, அதே நீல ஸ்கிரீன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கடைல விக்கிற நம்மூர் புக் எல்லாம் வாய்ட் மெயின், கானியோ.எச்-னு டர்போ சி காலத்து பழக்கத்துலதான் இருக்கும். அதுலேர்ந்துதான் கேள்வியும் வருது. பேசாம அதுல ஒண்ண வாங்கிக் குடுங்க தம்பி, பாஸ் ஆகட்டும் முதல்ல.

நிலா:
அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. அந்த புக்கப் பாத்து பையன் வீட்டு லேப்டாப்ல லினக்ஸ் இருந்து ஜிசிசி-ல (இப்போ பயன்படுத்துற ஃப்ரீ சி கம்பைலர்) போட்டா கானியோ.எச்-னு ஒரு ஃபைலே இல்லன்னு எரர் வந்து நிக்கும். புக்குல இன்ட் (முழு எண் வைக்கிற வகை) ரெண்டு பைட்னு இருக்கும், அதுல 32767-க்கு மேல அடங்காது, டர்போ சி-ல 30000-த்தையும் 10000-த்தையும் இன்ட்ல கூட்டுனா -25536 வரும், வீட்ல 40000 வரும். சொல்லிக்குடுக்க ஆள் இல்லாத பையன் தனக்குத்தான் மண்டைல ஏறலன்னு நினைச்சுக்குவான், ரெண்டு மாசத்துல ஆர்வமே போய்டும்.

கடையில புக்க எடுத்ததும் ஆபரேட்டர் பாடத்துக்குப் போய்ப் பாருங்க. ஐ-க்கு 5 குடுத்து, ஐ பிளஸ்பிளஸ் பிளஸ் பிளஸ்பிளஸ் ஐ (i++ + ++i, பிளஸ்பிளஸ்னா ஒண்ணு கூட்டுறது) மாதிரி ஒரு கணக்கு போட்டு விடை 12ன்னு அடிச்சு சொல்லிருந்தா அப்படியே வச்சிட்டு வந்துருங்க. ஒரே வேரியபிள ஒரே வரில இப்படி ரெண்டு தடவ மாத்துனா என்ன வரும்னு சி ஸ்டாண்டர்ட்ல (சி மொழியோட அதிகாரப்பூர்வ விதி) வரையறையே கிடையாது, கம்பைலருக்கு கம்பைலர் மாறும்.

லேப் அண்ணாச்சி:
அந்த கேள்விக்கு 2 மார்க் உண்டும்மா 😄 ஸ்டாண்டர்டா பேப்பர் திருத்துது?

நிலா:
2 மார்க்குக்கு பரீட்சைக்கு முந்துன நாள் நோட்ஸ் போதும் அண்ணாச்சி!

@வைகைக்கரை தமிழ் மீடியம்னா காசே செலவு பண்ணாதீங்க. நம்ம பன்னெண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூல் 2019லேர்ந்து பைதான்தான், தமிழ்லயே இருக்கு, பிடிஎஃப் ஃப்ரீ. ஆனா முதல் நாலு பாடத்த தொடாதீங்க, வெறும் தியரி, எனக்கே தூக்கம் வந்துச்சு. அஞ்சாவதுலேர்ந்துதான் பைதான் ஆரம்பிக்குது.

செமிகோலன்:
ஸ்கூல் புக்கா?? ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ண எழுதுனது அது. அதுல படிச்சவன் எவன் சொந்தமா ஒரு புரோகிராம் எழுதிருக்கான்?

இட்லிக்கடை டெவ்:
பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற கேள்விய விட்டுட்டு உள்ள இருக்கிற புரோகிராம மட்டும் டைப் பண்ணி, மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. லிஸ்ட், ஃபங்ஷன் வரைக்கும் வந்துட்டா ஸ்வைகார்ட் புக்கு இங்கிலீஷ் அவ்ளோ பயமா இருக்காது, பாதி வார்த்த கோட்லயே பழகிருக்கும். நிலா சொன்னதுக்கு +1.

செமிகோலன்:
சரி, ஆனா செமஸ்டர் ஆரம்பிச்சதும் சி-க்கு வரணும், இதுல நான் மாற மாட்டேன்.

வைகைக்கரை:
பிடிஎஃப் இறக்கியாச்சு, 500 ரூபா மிச்சம். ஃபோன்லயே பைதான் ஆப் இருக்காமே, அது போதுமான்னு கேக்குறான்.

லேப் அண்ணாச்சி:
ஃபோன்ல படிக்கட்டும், டைப் பண்றது கீபோர்டுல. இல்லன்னா லேப்ல உக்காந்து செமிகோலன் கீ எங்கருக்குன்னு தேடுவான், வருசா வருசம் பாக்குறேன்.