மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனைக்குப் பணம் கட்டலாமா?

தாமிரபரணிக்கரை:
முதல் பிரசவத்தின்போது எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் 160/110 வரை போனது. சிறுநீரில் புரதம், கண் மங்கல், அவசர அறுவை. பிரீஎக்ளாம்ப்சியா என்றார்கள். மகள் நலமாக இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். இப்போது மறுபடி மூன்றாம் மாதம். தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றின் துண்டறிக்கை கைக்கு வந்தது. நோபல் பரிசு பெற்ற மைக்ரோ ஆர்என்ஏ (மரபணுக்களின் வேலையை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) மூலம் கர்ப்பகால அழற்சியை அளந்து, ஆபத்து வருமா வராதா என்று இப்போதே சொல்லிவிடுவார்களாம். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. காசு போனால் போகட்டும், எடுத்துவிடு என்கிறார் மாமியார். பிளஸ் டூவுக்கு உயிரியல் நடத்துகிறவள் நான், விவரமாகவே சொல்லுங்கள்.

மைனஸ்எண்பது:
கர்ப்பிணிகளின் ரத்த மாதிரிகளில் ஆர்என்ஏ பிரித்தெடுப்பதுதான் என் பிழைப்பு. நோபல் விஷயம் உண்மை. 2024-இல் அதைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோசுக்கும் ரவ்குனுக்கும் கிடைத்தது. ஆனால் 1993-இல் அவர்கள் எழுதியது ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவைப் பற்றி. அதைத் துண்டறிக்கையில் அச்சடிப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

அழற்சியோடு தொடர்பு உண்டா என்றால், நிச்சயம் உண்டு. கருப்பையின் சுருள் தமனிகள் சரியாக விரியாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ஆக்சிஜன் குறையும். குறைந்தால் மிர்-210 என்ற மைக்ரோ ஆர்என்ஏ ஏறும். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான இரும்பு-கந்தகப் புரதத் தயாரிப்பைத் தடுக்கிறது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-4 பாதையையும் அமுக்குவதாக நஞ்சுக்கொடிச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று மிர்-155. அழற்சியின் தலைமைச் சுவிட்சான என்எஃப்-கப்பா-பி முடுக்கப்பட்டால் இதுவும் பெருகும். ரத்தக்குழாய் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியைக் குறைக்கும். நைட்ரிக் ஆக்சைடு குறைந்தால் குழாய் தளராது, அழுத்தம் ஏறும். அதே சுவிட்சே மிர்-146ஏ-வையும் எழுப்புகிறது. அதுவோ திரும்பிவந்து சுவிட்சை அணைக்கப் பார்க்கிறது. அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் 2006-இல் கண்டது இது. ஆக, ஒரு மைக்ரோ ஆர்என்ஏ கூடியிருக்கிறது என்றால் தீ வைத்தவனா தண்ணீர் ஊற்றுகிறவனா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆய்வுகளில் பலவும் நோய் வந்தபின் எடுத்த நஞ்சுக்கொடியைப் பார்த்தவை. உங்களுக்கு வேண்டியதோ ஆறு மாதம் முன்கூட்டிய செய்தி.

அடுத்தது மாதிரி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான். ஊசி இழுக்கும்போது கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலும் மிர்-451, மிர்-16 இரண்டும் பிளாஸ்மாவில் கொட்டிவிடும். பச்சை மூடிக் குழாயில் எடுத்தால் அதிலுள்ள உறைதடுப்பு மருந்தான ஹெப்பாரின், ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும். ரத்தத்தை உறையவிட்டு சீரம் எடுத்தாலோ தட்டணுக்கள் தங்கள் சரக்கைச் சேர்த்துவிடும். அந்தக் கூடத்தில் எந்த மூடிக் குழாய், எத்தனை மணி நேரத்துக்குள் சுழற்றுகிறார்கள், சிவப்பணு உடைந்ததை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். வரவேற்பில் இருப்பவர் முகம் பதில் சொல்லும்.

நான் கட்டமாட்டேன்.

இரவுப்பணி (மகப்பேறு மருத்துவர்):
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் நேரத்தை வீணாக்க வேண்டாம். மூன்றாம் மாதம் என்கிறீர்கள். மறுபடி வராமல் தடுக்க ஆஸ்பிரின் தொடங்க ஏற்ற காலம் இதுதான், 16 வாரம் தாண்டுமுன். 2017-இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் அதிக ஆபத்துள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க வைக்கும் பிரீஎக்ளாம்ப்சியா 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆக இறங்கியது. நீங்களாகத் தொடங்காதீர்கள், பழைய டிஸ்சார்ஜ் தாளோடு இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் கேளுங்கள்.

பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் மேற்கையில் கட்டும் நல்ல பிபி கருவி வாங்குங்கள். 20 வாரத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தால் எஸ்ஃபிளிட்-1, பிஎல்ஜிஎஃப் என்ற இரு நஞ்சுக்கொடிப் புரதங்களின் விகிதத்தைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. 38 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வருவது அரிது. தலைவலி, கண் மங்கல், வலப்பக்க மேல்வயிற்று வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

தாமிரபரணிக்கரை:
இருவருக்கும் நன்றி. நாளையே நேரம் வாங்கியிருக்கிறேன். கடைசியாக ஒன்று. "உங்கள் வம்சத்து ரத்தத்தில் இருக்கிற கோளாறு, அதுதான் நஞ்சுக்கொடி வரை போகிறது" என்கிறார் மாமியார். அதற்கு ஏதாவது பதில் இருக்கிறதா?

மைனஸ்எண்பது:
இருக்கிறது. நஞ்சுக்கொடி உங்களுடையது மட்டுமல்ல, அது கருவிலிருந்து உருவாவது. தந்தைக்கும் பாதிப் பங்கு. 19-ஆம் குரோமோசோமில் மைக்ரோ ஆர்என்ஏக்கள் ஒரு பெருங்கூட்டமாக இருக்கின்றன, குரங்கினத்திலும் மனிதரிலும் மட்டும். நஞ்சுக்கொடியில் அந்தக் கூட்டம் முழுவதும் தந்தை கொடுத்த பிரதியிலிருந்தே படிக்கப்படுகிறது. தாயின் பிரதி வாய் திறப்பதில்லை. அவை எக்ஸோசோம் என்ற, செல்கள் வெளிவிடும் நுண்ணிய பொட்டலங்களில் தாயின் ரத்தத்துக்குள்ளும் வருகின்றன. பிட்ஸ்பர்க் குழு 2013-இல் காட்டியபடி, பிற செல்களுக்கு வைரஸ் எதிர்ப்பையும் கொடுக்கின்றன. எல்லாக் கர்ப்பத்திலும் இப்படித்தான், ஆகவே அவர் மகன்மேலும் பழி போட வேண்டாம். ஆனால் உங்கள் ரத்தத்தில் இப்போது ஓடுவதில் கொஞ்சம் அவர் வம்சத்துச் சரக்கு என்று தாராளமாகச் சொல்லலாம்.